தைராய்டு ‘உண்டு’ என்று மட்டும் குறித்துக்கொண்டவர்களுக்கு ஒரு திறந்த மடல்

என் பிரசவத்தைப் பார்த்த மருத்துவமனையின் நிர்வாகத்துக்கும், சிங்கப்பூரில் கர்ப்பிணிகளின் முதல் பதிவுப் படிவத்தைத் தயாரிக்கும் அனைவருக்கும்,

“நோயாளி தமது முந்தைய தைராய்டு சிகிச்சை பற்றி முதல் வருகையின்போது தெரிவிக்கவில்லை.”

என் மகளுக்கு நேர்ந்ததைப் பற்றி நான் எழுதியதற்குப் போன மாதம் நீங்கள் எனக்கு அனுப்பிய பதிலின் மூன்றாவது பத்தியில் இந்த வாக்கியம் இருக்கிறது. ஆங்கிலத்தில் இருந்ததைத் தமிழில் தந்திருக்கிறேன். மற்றப் பத்திகளில் வருத்தம் தெரிவித்திருக்கிறீர்கள், என் மகள் நலமாக இருப்பதில் மகிழ்ச்சி என்று எழுதியிருக்கிறீர்கள். அதெல்லாம் சரி. இந்த ஒரு வாக்கியத்தை மட்டும் என்னால் விழுங்க முடியவில்லை. நான்கு முறை படித்துவிட்டு மடித்து வைத்தேன். ஐந்தாவது முறை படித்தபோது இந்த மடலை எழுத உட்கார்ந்தேன்.

உங்கள் பெயரை இங்கே எழுதவில்லை. உங்களுக்கே தெரியும். ஒரு கட்டடத்தின் பெயரைச் சொன்னால் மற்றவர்கள் “நம்மிடம் அப்படி நடக்காது” என்று நிம்மதியாகிவிடுவார்கள். அந்த நிம்மதியை யாருக்கும் கொடுக்க எனக்கு விருப்பமில்லை.

அந்த முதல் வருகையைச் சொல்கிறேன். ஒன்பதாவது வாரம். கையில் ஒரு படிவம், வரிசையாகக் கட்டங்கள்: ஆஸ்துமா, இரத்த அழுத்தம், நீரிழிவு, தைராய்டு. தைராய்டுக் கட்டத்தில் டிக் போட்டேன். தாதி ஒரு தமிழ்ப் பெண், அன்பான பெண். “மாத்திரை சாப்பிடுறீங்களா அக்கா?” என்று கேட்டார். “தைராக்ஸின், நூறு மைக்ரோகிராம், தினமும் காலையில்” என்றேன். ‘தைராய்டு குறைவு’ என்று கணினியில் பதிந்துகொண்டார். அடுத்த கேள்வி வீட்டில் பூனை வளர்க்கிறீர்களா என்பது. எங்கள் வீட்டில் பூனை இல்லை, ஆனால் புளோக்கின் கீழ்த்தளத்தில் ஒன்று திரிகிறது, அதற்கு என் கணவர் சாப்பாடு வைப்பார் என்று சொல்லி, அதைப் பற்றிக் கொஞ்ச நேரம் பேசினோம். என் கழுத்தைவிட அந்தப் பூனைக்குக் கூடுதல் நேரம் கிடைத்தது.

எந்தக் கேள்விக்கு நான் பதில் சொல்லாமல் மறைத்தேன்? தைராய்டு உண்டா என்று கேட்டீர்கள், உண்டு என்றேன். மாத்திரை என்ன என்று கேட்டீர்கள், சொன்னேன். எதனால் குறைந்தது என்று நீங்கள் கேட்கவில்லை.

இதில் நம் பேச்சுமொழிக்கும் ஒரு பங்கு உண்டு, அதை ஒப்புக்கொள்கிறேன். தமிழில் நாம் “சுகர் இருக்கு”, “பிரஷர் இருக்கு” என்பதுபோல் “தைராய்டு இருக்கு” என்று சொல்லிவிடுகிறோம். தைராய்டு என்பது கழுத்தில் உள்ள ஒரு சுரப்பி, அது எல்லோருக்கும்தான் இருக்கிறது. கூடுதலாகச் சுரக்கிறதா, குறைவாகச் சுரக்கிறதா, முன்பு கூடுதலாக இருந்து இப்போது குறைந்துவிட்டதா என்பதெல்லாம் அந்த இரண்டு சொல்லுக்குள் அமுங்கிப்போகிறது. தேக்காவில் காய்கறி வாங்கும் நான்கு பெண்களிடம் கேட்டால் நான்கு பேரும் “தைராய்டு இருக்கு” என்பார்கள். நான்கும் நான்கு நோயாக இருக்கும். இதைப் பிரித்தெடுக்க வேண்டியது யார்? கழுத்தில் கை வைத்துப் பார்க்கப் படித்தவர்களா, டிக் போடுகிறவளா?

என் கதை இது. 2016இல் எனக்குக் கை நடுங்கியது, எம்ஆர்டி படிக்கட்டில் ஏறினால் நெஞ்சு அடித்துக்கொண்டது, நன்றாகச் சாப்பிட்டும் எட்டுக் கிலோ குறைந்தது. கிரேவ்ஸ் நோய் என்றார்கள். உடலே தயாரிக்கும் ஓர் எதிர்ப்பொருள் தைராய்டைத் தட்டித் தட்டி எழுப்பி ஓயாமல் சுரக்கவைக்கும் நோய். சுரப்பை அடக்கும் கார்பிமசோல் மாத்திரையை ஒன்றரை வருடம் சாப்பிட்டேன். நிறுத்தியதும் திரும்ப வந்தது. 2018இல் கதிரியக்க அயோடின் கொடுத்தார்கள். ஒரு மாத்திரையை விழுங்கிவிட்டுச் சில நாள் அக்கா பிள்ளைகளைத் தொடாமல் தள்ளி இருந்தேன். சில மாதத்தில் சுரப்பி அடங்கி, சுரப்பே குறைந்துபோய், அன்று முதல் அதை ஈடுகட்டத் தைராக்ஸின். “ஆறு மாதத்துக்குக் கர்ப்பம் வேண்டாம்” என்று சொன்னார்கள். ஆறு மாதம் இல்லை, ஐந்து வருடத்துக்கும் மேல் கழித்துத்தான் கர்ப்பமானேன். பழைய நோய் முடிந்த கதை என்று நினைத்தேன். அப்படி நினைக்கத்தான் எனக்குச் சொல்லிக் கொடுத்திருந்தார்கள்.

அந்தச் சிகிச்சை எங்கே நடந்தது தெரியுமா? உங்கள் வளாகத்திலேயே. மகப்பேறு பிரிவிலிருந்து கூரை போட்ட நடைபாதையில் நடந்தால் மூன்று நிமிடம். மழை பெய்தால்கூட நனைய வேண்டாம். என் கோப்பு மட்டும் அந்தத் தூரத்தைக் கடக்கவில்லை.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன், ஏனென்றால் இதைப் படிக்கும் மற்றப் பெண்களுக்கும் இது தெரிய வேண்டும். கதிரியக்க அயோடின் சுரப்பியைத்தான் அடக்குகிறது. எதிர்ப்பொருள் இரத்தத்தில் அப்படியே இருக்கிறது. இந்தச் சிகிச்சைக்குப் பிறகு அதன் அளவு முதலில் ஏறவும் செய்யும், பிறகு பல வருடங்கள் தங்கவும் செய்யும். என் உடலில் அதற்குத் தட்ட ஒரு கதவு இல்லை, சுரப்பிதான் செயலிழந்துவிட்டதே. ஆனால் அது நஞ்சுக்கொடியைத் தாண்டிப் போகும். வயிற்றில் உள்ள குழந்தையின் தைராய்டு 10, 12 வாரத்தில் அயோடினை எடுத்துக்கொள்ளத் தொடங்குகிறது. ஏறக்குறைய 20ஆவது வாரத்தில் எதிர்ப்பொருள் தட்டினால் திறக்கும் நிலைக்கு வந்துவிடுகிறது. அப்போது தாய்க்கு இல்லாத நோய் பிள்ளைக்கு வருகிறது.

அதனால்தான் அமெரிக்கத் தைராய்டு சங்கம் 2017இல் வெளியிட்ட வழிகாட்டுதலில், கிரேவ்ஸ் நோய்க்குக் கதிரியக்க அயோடினோ அறுவை சிகிச்சையோ செய்துகொண்ட பெண் கர்ப்பமானால், அவர் இப்போது எவ்வளவு நலமாக இருந்தாலும், தொடக்கத்திலேயே இந்த எதிர்ப்பொருளை அளக்கச் சொல்கிறது. கூடுதலாக இருந்தால் 18க்கும் 22க்கும் இடைப்பட்ட வாரத்தில் மறுபடி. அப்போதும் கூடுதல் என்றால் 30க்கும் 34க்கும் இடையில் இன்னொரு முறை. இயல்பின் மேல் எல்லையைவிட மூன்று மடங்குக்கு மேல் போனால் குழந்தையை நெருக்கமாகக் கவனிக்கச் சொல்கிறது. இது ஏதோ மூலையில் கிடக்கும் ஆராய்ச்சி இல்லை. கிரேவ்ஸ் நோய் கண்ட தாய்மார்களின் குழந்தைகளில் நூற்றுக்கு ஒன்று முதல் ஐந்து வரை இந்தப் பாதிப்பு வரும். குறைவுதான். என் மகள் அந்தக் குறைவுக்குள் இருந்தாள்.

எனக்கு என்ன சோதித்தீர்கள்? நான்கு வாரத்துக்கு ஒருமுறை என் தைராய்டு அளவு. மாத்திரையை 100இலிருந்து 125 ஆக்கினீர்கள். அதைக் குறை சொல்லவில்லை, தாயின் அளவு சரியாக இருக்க வேண்டியது முக்கியம்தான். குழந்தை முதல் பாதியில் தாயின் சுரப்பை நம்பித்தான் வளர்கிறது. ஆனால் உங்கள் கடிதம் இதையே கேடயமாகப் பிடிக்கிறது: “ஒவ்வொரு வருகையிலும் தைராய்டு அளவுகள் இயல்பாக இருந்தன.” இயல்பாக இருந்தது என் அளவு. மாத்திரையால் வந்த இயல்பு அது. உள்ளே இருந்தவளைப் பற்றி அது ஒரு வார்த்தையும் சொல்லவில்லை.

27ஆவது வாரத்தில் குழந்தையின் இதயத்துடிப்பு நிமிடத்துக்கு 176. வயிற்றுக் குழந்தைக்கு 110 முதல் 160 வரைதான் இயல்பு. “துறுதுறுன்னு இருக்கு, நீங்க காலையில காப்பி குடிச்சீங்களா?” என்று கேட்டார் அன்று பார்த்த மருத்துவர். குடித்திருந்தேன். நானும் காப்பியைத்தான் பழி சொன்னேன், அடுத்த நான்கு வாரம் காப்பியைத் தொடவில்லை.

31ஆவது வாரத்தில் 184. வளர்ச்சி பின்தங்கியிருந்தது. அன்று வேறொரு மருத்துவர், வயிற்றுக் குழந்தைகளுக்கான நிபுணர், ஸ்கேன் கருவியை வைத்துக் குழந்தையின் கழுத்தருகே வெகுநேரம் நிறுத்தினார். அவர் திரையிலிருந்து கண்ணை எடுக்காமலே கேட்டார்: “நீங்கள் தைராக்ஸின் ஏன் சாப்பிடுகிறீர்கள்?”

அந்தக் கேள்விக்கு 22 வாரம் காத்திருந்திருக்கிறேன் என்பது எனக்கு அப்போது தெரியாது. ஒரே நிமிடத்தில் எல்லாம் சொல்லிவிட்டேன். அவரிடம் நான் சொன்னதை உங்களிடம் சொல்ல மறுத்திருப்பேன் என்று நம்புகிறீர்களா?

குழந்தையின் தைராய்டு வீங்கியிருந்தது. என் எதிர்ப்பொருள் அளவு மேல் எல்லையைப்போல் பத்து மடங்குக்கும் மேல். சில தாய்மார்களுக்குக் கார்பிமசோல் அளவு மிஞ்சினால் குழந்தையின் சுரப்பு குறைந்தும் இதே மாதிரி வீக்கம் வரும் என்றும், அப்போது எது என்று பிரித்தறியத் தொப்புள்கொடியிலிருந்து ஊசியால் இரத்தம் எடுக்க வேண்டிவரலாம், அதில் ஆபத்தும் உண்டு என்றும் அவர் விளக்கினார். நான் அந்த மருந்தில் இல்லை, துடிப்பும் ஏறியிருந்தது, ஆகவே சந்தேகமில்லை. ஊசி தேவைப்படவில்லை.

சிகிச்சை விசித்திரமானது. குழந்தைக்கு மருந்து போக நான்தான் வழி. நான் கார்பிமசோல் விழுங்கினேன். அது நஞ்சுக்கொடியைத் தாண்டிப் போய் அவள் சுரப்பியை அடக்கும். எனக்காகத் தைராக்ஸினும் தொடர்ந்தது. மருந்தகத்தில் அந்த இரண்டு சீட்டையும் ஒன்றாகப் பார்த்த மருந்தாளர், ஒன்றை ஒன்று எதிர்க்கும் மருந்தாயிற்றே என்று இரண்டு முறை மேலே தொலைபேசியில் கேட்டுவிட்டுத்தான் கொடுத்தார். அவரை நான் இன்றும் நன்றியோடு நினைக்கிறேன். எங்கள் ஒன்பது மாதத்தில் ‘ஏன்’ என்று கேட்ட இரண்டாவது ஆள் அவர். என் கணவர் அன்று இரவு எங்கோ படித்துவிட்டு, கார்பிமசோல் குழந்தைக்கு ஊனம் உண்டாக்கும் என்று பயந்து அழுதார். அந்த ஆபத்து உறுப்புகள் உருவாகும் முதல் சில வாரங்களில்தான், இப்போது மருந்து கொடுக்காமல் விடுவதுதான் ஆபத்து என்று மறுநாள் நிபுணர் பொறுமையாகச் சொன்னார். இதயம் இப்படியே ஓடினால் செயலிழக்கலாம், மண்டை ஓட்டின் பொருத்துகள் நேரத்துக்கு முன்பே மூடிக்கொள்ளலாம். பத்து நாளில் துடிப்பு 150க்கு இறங்கியது.

37ஆவது வாரத்தில் பிறந்தாள். 2.2 கிலோ.

இனி நான் எழுதப்போவதுதான் எனக்கு மிகவும் வலிப்பது. தொப்புள்கொடி இரத்தத்தில் தைராய்டு பார்ப்பது இந்த நாட்டில் பல வருடமாக நடக்கும் நல்ல வழக்கம். பிறவியிலேயே சுரப்பு குறைந்த குழந்தைகளை அது கண்டுபிடித்துக் காப்பாற்றுகிறது. என் மகளுக்கும் எடுத்தார்கள். “நார்மல்” என்றார்கள். இரண்டாம் நாள் வீட்டுக்குப் போகலாம் என்றார்கள். நிபுணர் எழுதிய குறிப்பு என் கோப்பில் இருந்தது, குழந்தையின் கோப்பில் இல்லை. பிறந்த நிமிடத்திலிருந்து அவளுக்குத் தனி எண், தனிக் கோப்பு. நான் எடுத்துச் சொன்னேன். “ரிசல்ட் வந்துவிட்டதே” என்றார்கள்.

அந்தச் சோதனை தேடுவது குறைவை. கூடுதலைத் தேட அது வைக்கப்பட்டதல்ல. அதோடு, பிறக்கும்போது அவள் உடலில் நான் சாப்பிட்ட கார்பிமசோல் இருந்தது. அது சில நாளில் வடிந்துவிடும். எதிர்ப்பொருளோ வாரக் கணக்கில் தங்கும். மருந்து போனபின் நோய் தலைகாட்டும். அதனால்தான் இப்படிப்பட்ட குழந்தைகளுக்கு மூன்றாம் நாளிலிருந்து ஐந்தாம் நாளுக்குள் ஒருமுறை, பத்திலிருந்து பதினான்காம் நாளுக்குள் மறுபடி ஒருமுறை இரத்தம் பார்க்க வேண்டும் என்று குழந்தை மருத்துவர்கள் சொல்கிறார்கள்.

வீட்டுக்குப் போனோம். அம்மா பத்தியச் சாப்பாடு, மருந்து உருண்டை என்று எல்லாம் தயாராக வைத்திருந்தார். அவள் ஓயாமல் பால் குடித்தாள். “பசி தாங்காத பிள்ளை, நல்லா வளருவா” என்றார் அம்மா. ஏர்கான் அறையிலும் தலை வியர்த்தது. கண்ணை அகல விரித்து, இமைக்காமல் பார்த்தாள். பார்க்க வந்தவர்கள் எல்லோரும், “ஆறு நாள் பிள்ளை மாதிரியா பார்க்குது, கெட்டிக்காரி” என்றார்கள். அம்மா அன்று மாலையே திருஷ்டி சுற்றிப் போட்டார். பசி, வியர்வை, அந்த அகலக் கண், மூன்றும் நோயின் அறிகுறி. நாங்கள் அதைக் கொஞ்சிக்கொண்டிருந்தோம். இவ்வளவு குடித்தும் பிறந்த எடையைவிடக் குறைந்திருந்தாள். ஏழாம் நாள் அதிகாலையில் நெஞ்சில் கை வைத்தபோது என்னால் துடிப்பை எண்ணவே முடியவில்லை. அவசரப் பிரிவில் எண்ணிச் சொன்னார்கள்: 210.

பன்னிரண்டு நாள் வார்டில் இருந்தோம். கார்பிமசோல், இதயத்துடிப்பைக் குறைக்க புரோப்ரனலால். மூன்று மாதத்தில் என் எதிர்ப்பொருள் அவள் உடலிலிருந்து கரைந்தபின் மருந்தை நிறுத்தினார்கள். இப்போது 14 மாதம். நடக்கிறாள். தலைச் சுற்றளவை இன்னும் அளந்துகொண்டிருக்கிறோம்.

வார்டில் பக்கத்துக் கட்டிலில் தஞ்சாவூர்ப் பக்கத்துப் பெண் ஒருவர் இருந்தார். கணவர் இங்கே வேலை செய்கிறார். அவர் பையிலும் ஊரிலிருந்து கொண்டுவந்த தைராய்டு மாத்திரை இருந்தது. எதற்கு என்று கேட்டேன். “தைராய்டுக்குத்தான்க்கா” என்றார். அதற்கு மேல் அவருக்குச் சொல்லத் தெரியவில்லை, கேட்கவும் ஆள் இல்லை. மருத்துவர் சுற்றி வந்தபோது மொழிபெயர்த்தது தரை துடைக்க வந்த அண்ணன். நல்ல மனிதர். ஆனால் ‘எதிர்ப்பொருள்’ என்பதை அவர் எப்படிச் சொல்வார்?

எல்லாக் கர்ப்பிணிகளுக்கும் இந்தச் சோதனை வேண்டும் என்று நான் கேட்கவில்லை. ஏற்கெனவே இந்த நோய் கண்டவர்களை மட்டும் கண்டுபிடியுங்கள் என்கிறேன். அதற்குப் புதிய கருவி எதுவும் வாங்க வேண்டாம். நான் கேட்பது இவைதான்.

முதல் பதிவுப் படிவத்தில் ‘தைராய்டு’ என்ற ஒற்றைக் கட்டத்தை எடுத்துவிட்டு, மூன்று கேள்விகளை நான்கு மொழிகளிலும் வையுங்கள். தமிழில் நானே எழுதித் தருகிறேன்: “எப்போதாவது தைராய்டு கூடுதலாகச் சுரந்து, படபடப்புக்கும் எடை குறைவுக்கும் மாத்திரை சாப்பிட்டிருக்கிறீர்களா? தைராய்டுக்குக் கதிரியக்க மருந்து எடுத்திருக்கிறீர்களா? கழுத்தில் அறுவை சிகிச்சை செய்திருக்கிறீர்களா?” ஒன்றுக்கு ஆம் என்றாலும், அன்றைய இரத்தத்திலேயே எதிர்ப்பொருளையும் பார்க்கச் சொல்லுங்கள்.

பிள்ளை பெறும் வயதில் உள்ள பெண்ணுக்குக் கதிரியக்க அயோடின் கொடுக்கும்போது, ஆறு மாதம் பொறு என்பதோடு நிறுத்தாதீர்கள். எத்தனை வருடம் கழித்துக் கர்ப்பமானாலும் மகப்பேறு மருத்துவரிடம் இதைக் காட்டு என்று ஒரு அட்டையில் எழுதிக் கையில் கொடுங்கள்.

தாயின் எதிர்ப்பொருள் முடிவு குழந்தையின் கோப்பில் தானாகவே ஏற வேண்டும். தொப்புள்கொடி இரத்தம் ‘நார்மல்’ என்ற ஒரு தாளை வைத்து அப்படிப்பட்ட குழந்தையை வீட்டுக்கு அனுப்பக் கூடாது. அனுப்பித்தான் ஆகவேண்டும் என்றால், அடுத்த இரத்தச் சோதனைக்கான தேதியைக் குறித்துக் கொடுத்து, எந்தெந்த அறிகுறி கண்டால் ஓடிவர வேண்டும் என்று பாட்டிகளுக்கும் புரிகிற தமிழில் சொல்லி அனுப்புங்கள்.

கடைசியாக, உங்கள் கடிதத்தின் மூன்றாவது பத்தியைத் திருத்துங்கள். ‘நோயாளி தெரிவிக்கவில்லை’ என்பதை எடுத்துவிட்டு, ‘நாங்கள் கேட்கவில்லை’ என்று எழுதுங்கள். அந்தக் கடிதம் என் மகளின் கோப்பில் வாழ்நாள் முழுவதும் இருக்கும். வளர்ந்து ஒருநாள் அவள் அதைப் படிப்பாள்.

திருத்திய கடிதம் இந்த மாத இறுதிக்குள் வந்துசேர வேண்டும். ஆங்கிலத்தோடு தமிழிலும் அனுப்புங்கள். அம்மா இன்னும் தான் போட்ட திருஷ்டி போதவில்லை என்றுதான் நினைத்துக்கொண்டிருக்கிறார். அவரும் படிக்க வேண்டும்.

இப்படிக்கு,
ஈசூனிலிருந்து ஒரு தாய்